ஆஸ்திரியா தவிர

எண்பதுகளில் வெளிநாடு போய்வந்த நம் குடியிருப்புப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அன்றைய இந்திய பாஸ்போர்ட்டில், தென்னாப்பிரிக்காவுக்கு மட்டும் இது செல்லாது என்று ஒரு குறிப்பு இருக்கும். நிறவெறி ஆட்சி நடந்த நாட்டோடு உறவு வேண்டாம் என்று நம் அரசு எடுத்த முடிவு அது. அதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் ஒரு நாடு தன் குடிமகனுக்கே பாஸ்போர்ட் கொடுத்து, "உலகில் எங்கு வேண்டுமானாலும் போ, இங்கே மட்டும் வராதே" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

1957இல் ஒருவருக்கு அப்படி நடந்தது. ஆஸ்திரியா தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் செல்லும் பாஸ்போர்ட்டுக்கு மட்டுமே அவருக்கு உரிமை உண்டு என்று ஆஸ்திரிய அரசு சொன்னது. அவர் பெயர் ஓட்டோ ஃபான் ஹாப்ஸ்பர்க். (அவசரத்தில் 'ஆட்டோ' என்று படித்துவிடாதீர்கள்.) அரசு ஏற்ற பெயரில் 'ஃபான்' கிடையாது, இளவரசர் பட்டமும் கிடையாது. வெறும் டாக்டர் ஓட்டோ ஹாப்ஸ்பர்க்-லோத்ரிங்கன். 1919இல் ஆஸ்திரியக் குடியரசு பட்டங்களையெல்லாம் ஒழித்திருந்தது.

கதையை நாற்பது ஆண்டு பின்னே கொண்டுபோகிறேன். 1916 நவம்பர் 30, வியன்னா. 68 ஆண்டுகள் ஆண்ட பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பின் இறுதி ஊர்வலம். புதிய பேரரசர் கார்லுக்கும் கறுப்புத் திரையில் முகம் மறைத்த பேரரசி ஸீட்டாவுக்கும் நடுவே, வெள்ளை உடையில் ஒரு சிறுவன் நடந்து போகிறான். நான்கு வயது முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. அந்தப் படம் இன்றும் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். ஹாப்ஸ்பர்க் அரியணைக்கு அடுத்த வாரிசு அந்தப் பையன்தான்.

அடுத்த இரண்டே ஆண்டில் அரியணையே இல்லாமல் போயிற்று. முதல் உலகப் போரில் தோற்ற பேரரசு துண்டு துண்டாக உடைந்தது. 1918 நவம்பர் 11 அன்று கார்ல் ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டார். அரசு நிர்வாகத்தில் இனி எந்தப் பங்கும் எடுக்க மாட்டேன் என்றது அது. முடி துறக்கிறேன் என்ற சொல்லை மட்டும் கவனமாகத் தவிர்த்தார். நம்மூரில் சொத்துத் தகராறு பார்த்தவர்களுக்கு இந்தச் சூட்சுமம் புரியும். குடியரசுக்கும் புரிந்தது. 1919 மார்ச்சில் குடும்பம் ரயிலேறி சுவிட்சர்லாந்து போனது. ஏப்ரல் 3 அன்று ஹாப்ஸ்பர்க் சட்டம் வந்தது. அதன்படி கார்லுக்கு நிரந்தர நாடுகடத்தல், குடும்பச் சொத்து பறிமுதல். மற்றவர்கள் நாட்டில் இருக்கலாம். ஆனால் அரச குடும்பத்தில் தாங்கள் உறுப்பினர் இல்லை, எந்த உரிமையும் கோர மாட்டோம், குடியரசின் விசுவாசமான குடிமக்களாக இருப்போம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நம் பத்திரப் பதிவு மொழியில் சொன்னால், ஒரு விடுதலைப் பத்திரம்.

கார்ல் சும்மா இருக்கவில்லை. 1921இல் இரண்டு முறை ஹங்கேரியின் அரியணையை மீட்கப் பார்த்தார், இரண்டு முறையும் முடியவில்லை. வென்ற நாடுகள் அவரை அட்லாண்டிக் கடலில் இருக்கும் மதேரா தீவுக்கு அனுப்பிவிட்டன. மலைமேல் ஈரம் படிந்த ஒரு வீடு, கையில் காசு இல்லை. நிமோனியா வந்து 1922 ஏப்ரல் 1 அன்று இறந்தார். வயது 34. ஸீட்டா எட்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். ஓட்டோவுக்கு ஒன்பது வயது. அன்று உடுத்திய கறுப்பு உடையை ஸீட்டா கடைசிவரை மாற்றவில்லை.

பிறகு ஸ்பெயின், பெல்ஜியம் என்று குடும்பம் இடம் மாறியது. ஓட்டோ லூவேன் பல்கலைக்கழகத்தில் படித்து 1935இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஹிட்லரைச் சந்திக்க வாய்ப்பு வந்தபோது மறுத்தார். ஆஸ்திரியாவில் அரச வம்சம் திரும்ப வந்தால் படையெடுப்பது என்று ஜெர்மன் ராணுவம் ஒரு திட்டம் வைத்திருந்தது. அதன் பெயரே 'ஓட்டோ'. 1938 பிப்ரவரியில், ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கப் போகிறார் என்பது தெரிந்ததும், ஆட்சியை என்னிடம் கொடுங்கள், நான் எதிர்த்து நிற்கிறேன் என்று சான்சலர் ஷுஷ்னிக்குக்கு ஓட்டோ கடிதம் எழுதினார். அவர் ஏற்கவில்லை. அடுத்த மாதம் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. 1940இல் பெல்ஜியமும் விழ, குடும்பம் பிரான்ஸ் வழியே ஓடியது. போர்டோ நகரில் போர்ச்சுகல் தூதர் அரிஸ்டிடஸ் டி சௌசா மெண்டஸ் மேலிடத்து உத்தரவை மீறி ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு விசா கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கையால் விசா பெற்றவர்களில் இந்த முன்னாள் அரச குடும்பமும் உண்டு. அங்கிருந்து அமெரிக்கா.

போர் முடிந்ததும் ஓட்டோ ஆஸ்திரியாவின் டிரோல் பகுதிக்கு வந்தார். பழைய சட்டம் மறுபடி உயிர்பெற, வெளியேற வேண்டியதாயிற்று. 1955இல் ஆஸ்திரியாவுக்கு முழு விடுதலை தந்த ஒப்பந்தத்திலேயே, ஹாப்ஸ்பர்க் சட்டத்தைக் காக்க வேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. இதற்கிடையே 1951இல் ரெகினாவை மணந்து, ஜெர்மனியின் பவேரியாவில் பொக்கிங் என்ற ஊரில் குடியேறினார். முதலில் ஐந்து பெண் குழந்தைகள். 1961 ஜனவரியில் ஒரு மகன். தாத்தா பெயரையே வைத்தார்கள்: கார்ல்.

அதற்கு நான்கு மாதம் கழித்து, மே 31 அன்று, 48 வயது ஓட்டோ கையெழுத்துப் போட்டார். சட்டம் கேட்டது அத்தனையும் அதில் இருந்தது. அறுநூறு ஆண்டு வம்சத்தின் உரிமை ஒரு தாளில் முடிந்தது.

இனி வீட்டுக்குப் போகலாம்தானே என்று நினைப்பீர்கள். நானும் முதலில் படித்தபோது அப்படித்தான் நினைத்தேன். கூட்டணி அரசில் மக்கள் கட்சி சரி என்றது, சோஷலிஸ்டுகள் முடியாது என்றார்கள். அமைச்சரவை ஒருமித்து முடிவெடுக்காததால் கடிதம் நிராகரிக்கப்பட்டதாகவே ஆனது. ஓட்டோ கோர்ட்டுக்குப் போனார். அரசியல் சாசன நீதிமன்றம் இது எங்கள் அதிகாரத்தில் வராது என்று கைவிரித்தது. 1963 மே மாதம் நிர்வாக நீதிமன்றம் கையெழுத்து செல்லும் என்றது. அதற்கும் நாடாளுமன்றம் அடங்கவில்லை. அவர் வருவது விரும்பத்தக்கதல்ல என்று ஜூலையில் பெரும்பான்மை வாக்கில் ஒரு தீர்மானம் போட்டது!

சோஷலிஸ்டுகள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். 1934இல் அவர்கள் கட்சியைத் தடை செய்து ஜனநாயகத்தை முடக்கிய அரசுதான், மறு ஆண்டு ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் மீதான தடையைத் தளர்த்தியது. அரச குடும்பம் திரும்பினால் பின்னாலேயே சர்வாதிகாரமும் வரும், சொத்து வழக்கும் வரும் என்று அவர்கள் பயந்தார்கள். ஒரு தாளை நம்பி அந்தப் பயத்தை விட்டுவிட அவர்கள் தயாராக இல்லை. என்னைக் கேட்டால், பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் கோர்ட் சொன்ன பிறகும் ஒரு மனிதனை வாசலில் நிறுத்தியதில் நியாயம் இல்லை.

1966 தேர்தலில் மக்கள் கட்சி தனித்து ஆட்சிக்கு வந்தது. ஜூனில் ஓட்டோவுக்கு முழு பாஸ்போர்ட் கிடைத்தது. அக்டோபர் 31 அன்று இன்ஸ்புரூக் நகருக்கு ஒரு சிறு பயணமாக வந்தார். இரண்டு நாள் கழித்து, அதைக் கண்டித்து சுமார் 2,50,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் கசப்பு மெல்லத்தான் ஆறியது. 1972இல் சோஷலிஸ்ட் சான்சலர் புரூனோ கிரெய்ஸ்கி அவருடன் கைகுலுக்கியது அங்கே பெரிய செய்தி.

அந்தக் கையெழுத்தை ஸீட்டா போடவே இல்லை. கணவன் தெய்வத்தின் முன் ஏற்ற முடியைத் தாளில் எழுதித் துறக்க முடியாது என்பது அந்த அம்மாவின் உறுதி. 1971இல் மகள் அடல்ஹைட் இறந்து டிரோலில் அடக்கம் செய்யப்பட்டபோதும் தாயால் எல்லை தாண்ட முடியவில்லை. கிரெய்ஸ்கி ஆட்சியில்தான் ஒரு வழி பிறந்தது: மணமாகி இந்த வம்சத்துக்கு வந்தவருக்கு அரியணை உரிமையே கிடையாது, இல்லாத உரிமையை எப்படித் துறப்பது? 1982இல், 63 ஆண்டுகளுக்குப் பிறகு, தொண்ணூறு வயதில் அவர் ஆஸ்திரியா வந்தார். கையெழுத்துப் போடாமலே.

போட்ட மகன் என்ன ஆனார்? அரியணை போனது, அரசியல் போகவில்லை. 1978இல் ஜெர்மன் குடியுரிமையும் பெற்று, மறு ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார். 1999 வரை இருபது ஆண்டுகள் உறுப்பினர். தன் முன்னோர் ஆண்ட கம்யூனிச நாடுகளையும் ஐரோப்பாவோடு சேர்க்க வேண்டும் என்று விடாமல் பேசினார். 1989 ஆகஸ்ட் 19 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரி எல்லையில் சோப்ரோன் அருகே ஒரு 'பிக்னிக்' நடந்தது. எல்லைக் கதவைச் சில மணி நேரம் திறப்பதாக ஏற்பாடு. அதன் புரவலர்கள் இருவரில் ஒருவர் ஓட்டோ. அறுநூறுக்கும் மேற்பட்ட கிழக்கு ஜெர்மானியர் அந்த வழியே மேற்கே ஓடினார்கள். மூன்று மாதத்தில் பெர்லின் சுவர் விழுந்தது. ஒரு காலத்தில் தன்னை உள்ளே விடாத அதே ஆஸ்திரியாவுக்குள் இவர்கள் ஓடியதைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார்! அந்த 1961 கையெழுத்தைப் போட்டிருக்கவே கூடாது என்று முதுமையில் ஒரு பேட்டியில் வருத்தப்பட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2011 ஜூலை 4 அன்று, 98 வயதில், பொக்கிங் வீட்டில் காலமானார். வியன்னாவில் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தாரை அடக்கம் செய்யும் கப்பூச்சின் துறவியர் கல்லறையில் ஒரு சடங்கு உண்டு. மூடிய கதவைத் தட்டுவார்கள். யார் வருவது என்று உள்ளிருந்து துறவி கேட்பார். முதல் முறை, துறந்த பட்டங்கள் அத்தனையும் வரிசையாகச் சொன்னார்கள். தெரியாது என்று பதில் வந்தது. இரண்டாம் முறை அவர் வகித்த பதவிகளையும் பெற்ற விருதுகளையும் சொன்னார்கள். அதற்கும் தெரியாது. மூன்றாம் முறை, ஓட்டோ, சாகப் பிறந்த பாவப்பட்ட மனிதன் என்றார்கள். கதவு திறந்தது.

1989இல் இறந்த தாய் ஸீட்டாவும் அதே கல்லறையில்தான் இருக்கிறார். கார்ல் மட்டும் இன்னும் மதேராவில், மோன்டே என்ற அந்த மலை ஊரின் தேவாலயத்தில்.