உறங்காத செவி

பத்திரிகை அலுவலகத்தில் இரவுக் கடமை பார்த்தவர்களுக்கு டெலிபிரின்டரின் மணியோசை மறக்காது. நள்ளிரவு கடந்து உதவி ஆசிரியர் மேசையில் தலை சாய்த்திருக்கும் வேளையில் அவசரச் செய்தி வந்தால், அந்த இயந்திரம் தானே மணியடித்து எழுப்பிவிடும். நானும் அவ்வாறு பலமுறை எழுப்பப்பட்டவன்தான். 1912 ஆம் ஆண்டில் கடலில் இத்தகைய மணியொன்று இருக்கவில்லை.

அவ்வாண்டு ஏப்ரல் 14 ஆம் திகதி இரவு, வட அத்திலாந்திக்கில் ‘கலிஃபோர்னியன்’ என்ற கப்பல் பனித்திரளால் மறிக்கப்பட்டு நின்றுகொண்டிருந்தது. அதன் ஒரே தந்தியாளரான சிரில் எவன்ஸ், பனி பற்றி ‘டைட்டானிக்’ கப்பலுக்கு அறிவிக்க முற்பட்டார். பயணிகளின் தந்திகளை அனுப்புவதில் மூழ்கியிருந்த ஜாக் பிலிப்ஸ், குறுக்கிட வேண்டாமென அவரை அடக்கிவிட்டார். பகல் முழுவதும் கடமையாற்றிய எவன்ஸ், கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். சற்று நேரத்தில், 11.40 மணிக்கு, டைட்டானிக் பனிமலையில் மோதியது. பிலிப்ஸ் இறுதிவரை அனுப்பிய அபாய அழைப்புகள் எவன்ஸின் ஆளில்லாத கருவியைத் தாண்டிச் சென்றன. 1,500 பேருக்கு மேல் மாண்டனர். ‘கார்பேதியா’வின் தந்தியாளர் ஹரல்ட் கொட்டம் படுக்கைக்குச் செல்லும் தறுவாயிலும் செவிக்கருவியைக் கழற்றாதிருந்த தற்செயலினாலேயே எழுநூறு பேர் வரை மீட்கப்பட்டனர்.

எவன்ஸைக் குற்றவாளியாக்கும் எழுத்துகளை நான் ஏற்பதில்லை. ஒரு மனிதன் இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்க முடியாது.

1914 இல் உருவான கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதலாவது சர்வதேச உடன்படிக்கை, வானொலிக் கண்காணிப்பை வலியுறுத்தியது. ஆனால் சிறிய சரக்குக் கப்பல் மூன்று தந்தியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்குமா? இதற்கு விடையாக வந்ததே தன்னியக்க அபாய மணி. நான்கு விநாடி நீளமான பன்னிரண்டு கோடுகள், இடையிடையே ஒரு விநாடி மௌனம். ஆபத்திலுள்ள கப்பல் இந்தச் சமிக்ஞையை ஒரு நிமிடம் அனுப்பினால், பிற கப்பல்களில் உறங்கும் தந்தியாளரின் தலைமாட்டில் மணி ஒலிக்கும். ஆனால் வளிமண்டல இரைச்சலுக்கும் அது சில வேளைகளில் ஒலித்தது. அன்றியும், யாருக்கோ ஆபத்து என்பதை மட்டுமே அந்த மணி சொன்னது. யாருக்கு, எங்கே என்பதை அறிய மோர்ஸ் கேட்கும் காது வேண்டியிருந்தது.

அந்தக் குறையை நிரப்பியதே ‘டி.எஸ்.சி.’ எனப்படும் இலக்கமுறை அழைப்பு. 1992 பெப்ரவரி 1 ஆம் திகதி தொடங்கி, 1999 பெப்ரவரி 1 இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த உலகளாவிய கடல் அபாயத் தொடர்பு முறையின் அங்கம் அது. மூடியிட்ட சிவப்புப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், வி.எச்.எப். கருவி 70 ஆம் அலைவரிசையில் கப்பலின் ஒன்பது இலக்க அடையாள எண்ணையும், இருப்பிடத்தையும், நேரத்தையும் அரை விநாடிக்குள் அனுப்பிவிடும். எவரும் பதிலளிக்காவிட்டால் ஏறக்குறைய நான்கு நிமிடங்களுக்கு ஒருமுறை தானே மீண்டும் அழைக்கும்.

‘எம்.எம்.எஸ்.ஐ.’ எனப்படும் அந்த எண்ணில் கப்பல்களுக்கு முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை. இலங்கைக்கு 417, இந்தியாவுக்கு 419. கரையோர நிலையங்களாயின் முன்னால் இரண்டு பூச்சியங்கள் நிற்கும். எண் மனிதனுக்கன்றி, கலத்துக்கே உரியது. பழைய கருவியை வாங்கி வேறொரு படகில் பொருத்துபவர் எண்ணை மாற்றாவிட்டால், அவர் மூழ்கும்போது கரையிலுள்ளவர்கள் முன்னைய படகைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பார்கள். எண்ணே பதியாத கருவிகளிற் பெரும்பாலானவை அந்த அழைப்பை அனுப்பவே மாட்டா. ஜி.பி.எஸ். இணைக்கப்படாது, இருப்பிடத்தைக் கையாலும் பதியாதிருந்தால், பழைய மணியைப் போலவே ‘எங்கே’ என்ற கேள்வி எஞ்சிநிற்கும்.

இயந்திரச் செவிக்கும் ஒரு நோய் பிடித்தது. தவறுதலாகப் பொத்தானை அழுத்தியமையால் எழுந்த வெற்று அழைப்புகள் பெருகின. முழு நடைமுறைக்கு முன்னரே, 1995 இல், சர்வதேச கடல்சார் அமைப்பு அவற்றைத் தவிர்ப்பதற்கான வழிகாட்டல்களை வெளியிட நேர்ந்தது. தவறாக அழுத்திவிட்டால் ஓசைப்படாமல் கருவியை நிறுத்திவிடக் கூடாது, 16 ஆம் அலைவரிசையில் குரலால் அறிவித்து அழைப்பை இரத்துச் செய்ய வேண்டும் என்பதே விதி. அடிக்கடி பொய்யாக அடிக்கும் மணிக்கு எழும்பாமல் விடுவது எத்துணை எளிது என்பதைச் செய்தி அறையில் நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்படி உடன்படிக்கையின் கட்டாயம், சர்வதேசப் பயணம் செய்யும் பயணிகள் கப்பல்களையும் 300 தொன்னுக்குக் குறையாத சரக்குக் கப்பல்களையுமே கட்டுப்படுத்துகிறது. பருத்தித்துறையிலிருந்து புறப்படும் கண்ணாடியிழைப் படகு அந்தக் கணக்கில் இல்லை. பெரிய கப்பல்கள் 16 ஆம் அலைவரிசையில் மனிதக் குரலைச் செவிமடுக்கும் கடமையை முற்றாகக் கைவிட முதலில் திட்டமிடப்பட்டிருந்தது. அவ்வாறு நடந்திருந்தால், சாதாரணக் கருவியுடன் செல்லும் சிறு படகுக்காரர் எத்தனை முறை கூவினாலும் அருகே செல்லும் கப்பலுக்குக் கேட்டிராது. 2002 இல் சர்வதேச கடல்சார் அமைப்பின் கடற்பாதுகாப்புக் குழு அத்திட்டத்தைக் கைவிட்டு, 70 ஆம் அலைவரிசையை இயந்திரம் கேட்டுக்கொண்டிருக்க, 16 ஐ மனிதர்களும் தொடர்ந்து கேட்கவேண்டுமெனத் தீர்மானித்தது.