தொலைநிலைப் பணிமேடை இணைப்புச் சிக்கல்கள்

தொலைநிலைப் பணிமேடை இணைப்புச் சிக்கல்கள் என்பன, ஓரிடத்தில் உள்ள கணினியை வேறோர் இடத்திலிருந்து வலையமைப்பின் ஊடாக இயக்க முற்படும்போது ஏற்படும் தடைகளாகும். ரிமோட் டெஸ்க்டாப் என்று பரவலாக அறியப்படும் இவ்வசதி, தொலைவில் உள்ள கணினியின் திரையை நம் திரையில் காட்டி, நம் விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் கட்டளைகளை அங்கு கொண்டு சேர்க்கிறது. இக்கட்டுரை முதன்மையாக மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தில் உள்ள வசதியைப் பற்றியதாகும்.

இச்சிக்கல்கள் அடிப்படையில் இரு வகைப்படும். தொலைக் கணினி வரை செல்லும் பாதை அடைபட்டிருப்பது ஒன்று. பாதை திறந்திருந்தும் பயனருக்கு உள்நுழைய அனுமதி மறுக்கப்படுவது மற்றொன்று. திரையில் தோன்றும் பிழைச் செய்தியை முழுமையாகப் படித்தாலே எவ்வகை என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். அதைப் படிக்காமல் எல்லா அமைப்புகளையும் ஒரே நேரத்தில் மாற்றினால் நேரம் வீணாவதுடன், இணைப்பு கிடைத்த பின்னரும் கணினி பாதுகாப்பற்ற நிலையில் விடப்படக்கூடும்.

பின்னணி

மைக்ரோசாப்ட் நிறுவனம் இவ்வசதியை விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பில் 1998 ஆம் ஆண்டு வெளியிட்டது. ஒரே கணினியில் பலர் பணியாற்றுவதற்கான தொழில்நுட்பம் சிட்ரிக்ஸ் நிறுவனத்திடமிருந்து பெறப்பட்டது. தரவுப் பரிமாற்றத்திற்கான நெறிமுறை ஆர்டிபி எனப்படுகிறது. 2001 இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி புரொபெஷனல் பதிப்பின் வழியாக இது சாதாரணப் பயனர்களையும் எட்டியது.

விண்டோஸின் ஹோம் பதிப்புகளிலிருந்து பிற கணினிகளை அணுகலாம். ஆனால் ஹோம் பதிப்பு உள்ள கணினியை இந்நெறிமுறை வழியே அணுக இயலாது. வீட்டுப் பயனர்கள் பலர் இதை அறியாமல் ரவுட்டரையும் தீச்சுவரையும் குறைகூறுவதுண்டு. எனவே முதலில் பார்க்க வேண்டியது தொலைக் கணினியின் பதிப்பையே.

பாதை அடைபடுதல்

தொலைக் கணினியுடன் இணைய முடியவில்லை என்ற செய்தி, கணினி அணைக்கப்பட்டிருக்கலாம், வலையமைப்பில் இல்லாதிருக்கலாம் அல்லது தொலை அணுகல் இயக்கப்படாதிருக்கலாம் என மூன்று காரணங்களைக் கூறும். கணினி உறக்கநிலைக்குச் செல்வதும் இதே விளைவைத் தரும். அலுவலகத்தில் மாலையில் வேலைசெய்த இணைப்பு இரவில் வீட்டிலிருந்து கிடைக்காவிட்டால் மின்சேமிப்பு அமைப்புகளையே முதலில் ஐயுற வேண்டும். ரவுட்டர் வழங்கும் ஐபி முகவரி மாறிவிட்டிருப்பதும் அடிக்கடி நிகழ்வதாகும்.

பலர் பிங் கட்டளையை மட்டும் நம்புகின்றனர். பிங்கிற்கு விடையளிக்காத கணினியும் ஆர்டிபி இணைப்பை ஏற்கலாம். விடையளிக்கும் கணினி ஏற்காமலும் போகலாம். ஏனெனில் ஆர்டிபி இயல்பாக டிசிபி 3389 என்ற போர்ட்டைப் பயன்படுத்துகிறது. (2012 முதல் யுடிபியும் துணையாகப் பயன்படுகிறது.) ஆகவே அந்தப் போர்ட்டையே சோதிக்க வேண்டும். டெல்நெட் அல்லது பவர்ஷெல்லின் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளை இதற்கு உதவும். உடனடியாக மறுப்பு வந்தால், பெரும்பாலும் கணினியை அடைந்துவிட்டோம், ஆனால் அங்கு சேவை இயங்கவில்லை எனக் கொள்ளலாம். நெடுநேரம் எவ்வித விடையும் வராவிட்டால் இடையில் தீச்சுவர் ஒன்று தடுக்கிறது அல்லது முகவரி தவறானது எனக் கொள்ளலாம். விண்டோஸ் அமைப்புகளில் தொலை அணுகலை இயக்கும்போது விண்டோஸின் சொந்தத் தீச்சுவர் வழிவிடும். நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளுடன் வரும் வேறு தீச்சுவர்களில் தனியாக அனுமதி அளிக்க வேண்டியிருக்கலாம்.

192.168 அல்லது 10 எனத் தொடங்கும் முகவரிகள் உள்வலையமைப்புக்கு மட்டும் உரியவை. வெளியிலிருந்து அவற்றை நேரடியாக அடைய முடியாது. சில இணையச் சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் இதுவே காரணமாகும். அந்நிலையில் சொந்த ரவுட்டரில் எந்த மாற்றத்தைச் செய்தும் பயனில்லை.

பயனர் அனுமதி

பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்பட்ட பின்னர் மறுப்பு வந்தால் பாதை சரியாகவே உள்ளது. இனி ரவுட்டரைத் தொட வேண்டியதில்லை.

நிர்வாகிகள் குழுவில் உள்ளவர்களுக்கு இயல்பாகவே தொலை அணுகல் உண்டு. மற்றவர்களை ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் என்ற குழுவில் சேர்க்க வேண்டும். இதற்குப் பதிலாக, எளிது என்று கருதி அனைவரையும் நிர்வாகிகளாக்கும் வழக்கம் சிறு நிறுவனங்களில் காணப்படுகிறது. அவ்வாறு செய்தால் ஒருவரின் கடவுச்சொல் களவுபோனாலே முழுக் கணினியும் பறிபோகும். குழுவில் சேர்த்த பின்னரும் மறுக்கப்பட்டால் உள்ளூர்ப் பாதுகாப்புக் கொள்கையைப் பார்க்க வேண்டும். அதில் ஒருவருக்கு அனுமதியும் தடையும் ஒருங்கே இருந்தால் தடையே செல்லுபடியாகும்.

கடவுச்சொல் இல்லாத கணக்கைக் கணினியின் முன் அமர்ந்து பயன்படுத்தலாம். தொலைவிலிருந்து பயன்படுத்த விண்டோஸ் இயல்பாக அனுமதிப்பதில்லை. அன்றாடம் பயன்படுத்தும் பின் எண்ணும் இங்கு கடவுச்சொல்லாகாது. அது அந்தக் கணினிக்கு மட்டும் உரியது. கணினிப் பெயரைக் குறிப்பிடாமல் பயனர் பெயரை மட்டும் இட்டால், அணுகும் கணினியில் உள்ள அதே பெயருடைய கணக்காக அது பொருள்கொள்ளப்படுவதும் உண்டு.

விண்டோஸ் விஸ்டா முதல் வலையமைப்பு மட்ட அடையாளச் சோதனை என்ற முறை வந்தது. இதில் தொலைக் கணினியின் திரை தோன்றுவதற்கு முன்னரே பயனர் சோதிக்கப்படுகிறார். பாதுகாப்பிற்கு இது நன்று. ஆயினும் ஒரு சிக்கல் உண்டு: கடவுச்சொல் காலாவதியான பயனர், அதை மாற்றுவதற்கான திரையை அடைய முடியாமல் வெளியே நிற்பார். நிர்வாகி புதிய கடவுச்சொல்லை அமைத்துத் தருவதே முறையாகும். இதற்காக இச்சோதனையை முடக்குவது தகாது. நிறுவன வலையமைப்புகளில் இரு கணினிகளின் கடிகாரங்களும் 5 நிமிடங்களுக்கு மேல் வேறுபட்டால் கெர்பரோஸ் அடையாளச் சோதனை தோல்வியடையும்.

திரையில் தோன்றும் செய்தி போதாதபோது தொலைக் கணினியின் பாதுகாப்பு நிகழ்வுப் பதிவேட்டைப் பார்க்கலாம். தோல்வியுற்ற நுழைவு முயற்சிகள் அங்கு 4625 என்ற எண்ணில் பதிவாகின்றன. கடவுச்சொல் தவறா, கணக்கு பூட்டப்பட்டதா, காலாவதியானதா, உரிமை இல்லையா என்பதை அப்பதிவு வேறுபடுத்திக் காட்டும். ஒருவர் முயன்ற நேரத்தில் எந்தப் பதிவுமே இல்லையெனில், அவரது கோரிக்கை அடையாளச் சோதனை வரை வந்துசேரவில்லை என்று ஐயுறலாம்.

விண்டோஸ் சர்வரில் நிர்வாகப் பணிக்காக 2 அமர்வுகள் அனுமதிக்கப்படும். கூடுதல் பயனர்களுக்கான சேவையை நிறுவினால் 120 நாட்களுக்குள் உரிமங்களை ஏற்படுத்த வேண்டும். நன்றாக இயங்கிய வழங்கி திடீரென ஒருநாள் எல்லோரையும் மறுத்தால் இக்கெடு முடிந்துவிட்டதா எனப் பார்க்கவும்.

2018 மே மாதச் சிக்கல்

நுழைவு விவரங்களைக் கையாளும் கிரெட்எஸ்எஸ்பி என்ற பகுதியில் காணப்பட்ட வழுவுக்கு மைக்ரோசாப்ட் 2018 மார்ச்சில் திருத்தம் வெளியிட்டது. மே 8 அன்று வந்த இற்றைப்படுத்தல் அதனைக் கட்டாயமாக்கியது. இதனால் இற்றைப்படுத்தப்பட்ட கணினிகள், இற்றைப்படுத்தப்படாத வழங்கிகளுடன் இணைய மறுத்தன. முதல்நாள் வரை இயங்கிய இணைப்புகள் மறுநாள் நின்றுபோயின. வழங்கியை இற்றைப்படுத்துவதே தீர்வாகும். ஆயினும் தம் கணினியில் பாதுகாப்பு அமைப்பைத் தளர்த்தி வேலையைத் தொடர்ந்தோரும் உளர். வழுவோ அப்படியே இருந்தது.

3389 ஐ இணையத்திற்குத் திறத்தல்

வெளியிலிருந்து இணைய முடியாதபோது ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிடுவது விரைவான வழியாகத் தோன்றும். கடவுச்சொற்களை ஊகித்து முயலும் நிரல்கள் இப்போர்ட்டை இணையம் முழுவதும் ஓயாது தேடுகின்றன. பிணைப்பண நச்சுநிரல்கள் நுழையும் முக்கிய வழிகளில் இதுவும் ஒன்றாகும். போர்ட் எண்ணை மாற்றுவது தேடலைச் சற்றே தாமதப்படுத்தும், தடுக்காது. 2019 மே 14 அன்று அறிவிக்கப்பட்ட புளூகீப் என்ற வழு, கடவுச்சொல் ஏதுமின்றியே நுழைய இடமளித்தது. விண்டோஸ் 7 உள்ளிட்ட பழைய பதிப்புகளை அது பாதித்தது. ஆதரவு நிறுத்தப்பட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டமை அதன் கடுமையைக் காட்டுகிறது. மெய்நிகர் தனியார் வலையமைப்பு வழியாகவோ, 443 போர்ட்டில் இயங்கும் ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே வழியாகவோ இணைவது பாதுகாப்பானது.

பிற மென்பொருட்கள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் உருவான விஎன்சி மென்பொருள் இயல்பாக 5900 போர்ட்டைப் பயன்படுத்துகிறது. அதன் பழைய அடையாளச் சோதனை முறையில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளே கணக்கில் கொள்ளப்படும். லினக்சில் இயங்கும் எக்ஸ்ஆர்டிபி, விண்டோஸைப் போன்றே 3389 ஐப் பயன்படுத்துகிறது. அதில் நுழைந்ததும் கறுப்புத் திரை மட்டும் தோன்றினால், அதே பயனர் அக்கணினியில் நேரடியாக நுழைந்திருக்கிறாரா எனப் பார்த்து, அந்த அமர்விலிருந்து வெளியேறிய பின் மீண்டும் முயல வேண்டும்.