தணிகை மலைமேல் ஒரு பலகை: தட்டைப் பரப்பின் மீது காற்று விசையும் இடத்தின் கணக்கும்

திருத்தணிக் கடைத்தெருவில் ஒரு பெயர்ப் பலகையை நிறுத்துகிறோம். எட்டடி அகலம், நாலடி உயரம், இரண்டு இரும்புக் கால்கள். அதே அளவில் இன்னொரு பலகையை 365 படி ஏறி, சுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கும் மலையுச்சியில் நிறுத்துகிறோம். வெல்டிங் பட்டறைக்காரருக்கு இரண்டும் ஒரே சரக்கு: ஒரே தகடு, ஒரே குழாய், ஒரே போல்ட், ஒரே விலை. காற்றுக்கு அவை வேறு வேறு பொருள்கள். கீழே உள்ள பலகையைவிட மேலே உள்ளது 1.85 மடங்கு வரை விசையைத் தாங்க வேண்டியிருக்கும்.

தட்டையான பரப்பின் மீது விழும் காற்று விசையை அந்தப் பொருளின் குணமாகவே நம் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் எண்ணுகிறார்கள். பரப்பளவைச் சொன்னால் விசையைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அது. பொருளும் அது நிற்கும் இடமும் சேர்ந்த பிறகுதான் விசை என்ற ஒன்று பிறக்கிறது என்பதே என் வாதம். ஆகவே பலகை செய்பவர் தம் சரக்கைப் பற்றி நேர்மையாகச் சொல்லக்கூடிய எண் விசை அன்று. அது எந்த வேகம் வரை நிற்கும் என்பதே.

சூத்திரம் எளியது. காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அழுத்தம். அதைப் பரப்பளவாலும் வடிவத்துக்கு உரிய விசைக்கெழுவாலும் பெருக்கினால் விசை. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி (1987இல் வெளிவந்து 2015இல் திருத்தப்பட்டது) அடர்த்தியின் பாதியை 0.6 என்று எடுத்துக்கொள்கிறது. வேகத்தை வினாடிக்கு மீட்டரில் போட்டால் அழுத்தம் சதுர மீட்டருக்கு நியூட்டனில் கிடைக்கும்.

இந்த எளிய சூத்திரத்துக்குள் விசைக்கெழு மட்டும் நெடுங்காலம் தகராறாக இருந்தது. 1759இல் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வந்த 0.005 என்ற எண் (மணிக்கு மைலில் வேகம், சதுர அடிக்குப் பவுண்டில் அழுத்தம்) ஒரு நூற்றாண்டுக்கு மேல் பரவலாக ஆளப்பட்டது. இன்றைய அலகுக்கு மாற்றினால் அது ஏறக்குறைய 2 என்ற விசைக்கெழுவாகிறது. 1901இல் ரைட் சகோதரர்கள் தங்கள் சோதனைகளிலிருந்து அதை 0.0033 ஆகக் குறைத்தார்கள். மாற்றிப் பார்த்தால் 1.3க்குச் சற்றுக் கீழே. குஸ்தாவ் ஈஃபெல் தம் கோபுரத்தின் இரண்டாம் தளத்திலிருந்து தட்டுகளைக் கீழே விழவிட்டு அளந்த முடிவும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நின்றது. நம் தரநிலை, தரைக்கு மேல் தூக்கி நிறுத்திய வழக்கமான விகிதப் பலகைகளுக்கு 1.2 என்கிறது, அகலம் உயரத்தைப் போல் எண்பது மடங்கானால்தான் அது 2 ஆகிறது. குட்டையான பலகையில் காற்று நான்கு ஓரங்களிலும் வழிந்து தப்பிவிடும். நீண்ட சுவரில் மேலும் கீழும் மட்டுமே வழி உண்டு. பின்புறத்து வெற்றிடத்தை நிரப்பக் காற்று எளிதில் வந்து சேராது. வேறுபாட்டுக்கு அதுதான் காரணம்.

இத்தனை வரலாற்றையும் சொல்வதற்கு ஒரு நோக்கம் உண்டு. வடிவமைப்பாளர்களின் விவாதம் இன்றும் இந்தக் கெழு 1.2ஆ, 1.28ஆ, 1.3ஆ என்பதிலேயே சுற்றுகிறது. இந்த மூன்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம் நூற்றுக்கு எட்டு. வேகத்தில் பத்து விழுக்காடு தவறினாலோ விசையில் இருபத்தொரு விழுக்காடு தவறும். கவலையை எங்கே வைக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டிவிடுகின்றன.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் வழக்கு. ஒன்றரை அடி நீளமும் நாலு விரல் கனமும் உள்ள முப்பது கிலோ அம்மியைத் தரையில் நகர்த்தவே வினாடிக்கு 68 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 245 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்று கணக்கு வருகிறது. அம்மி எதிர்நிற்கும் பரப்பு சிறிது, எடையோ பெரிது. பலகை இதற்கு நேர்மாறு: பரப்பு பெரிது, எடை சொற்பம். அம்மிக்குப் பயந்த நம் முன்னோர் ஃப்ளெக்ஸ் பேனரைக் கண்டதில்லை.

இனி வேகத்துக்கு வருவோம். தரநிலையின் வரைபடம் நாட்டை வினாடிக்கு 33 முதல் 55 மீட்டர் வரை ஆறு அடிப்படைக் காற்று வேகங்களாகப் பிரிக்கிறது. தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில், மூன்று வினாடி வீச்சாக, ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க வேகங்கள் அவை. சென்னைக்கு 50, பெங்களூருக்கு 33. திருத்தணி இந்த இரண்டுக்கும் நடுவே, கடலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. கணக்கைக் காட்டுவதற்காக இங்கே 44ஐ எடுத்துக்கொள்கிறேன்; கட்டுபவர் வரைபடத்தைப் பார்த்துத் தம் எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும். பலகை இருபத்தைந்து ஆண்டு நிற்கும் சிறு கட்டுமானம் என்றால் ஆயுட்காரணி 0.91. திறந்த வெளியில் 44 என்பது 40 ஆகிறது. மணிக்கு 144 கிலோமீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு 962 நியூட்டன். எட்டுக்கு நாலடிப் பலகை 2.97 சதுர மீட்டர், 1.2 கெழுவோடு பெருக்கினால் 3,430 நியூட்டன், ஏறக்குறைய 350 கிலோ எடை. ஒரு மோட்டார் சைக்கிளின் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட பாரம் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

இது தரைமட்டத்துக் கணக்கு. மலைக்கு ஒரு காரணி தனியே உண்டு. சமவெளியில் வரும் காற்று சரிவில் ஏறும்போது உச்சியை ஒட்டி நெருங்கி ஓடுகிறது. குறுகிய வாய்க்காலில் தண்ணீர் விரைவது போல அங்கே வேகம் கூடுகிறது. சரிவு 17 பாகைக்கு மேல் போனால் உச்சியில் வேகம் 1.36 மடங்கு வரை ஆகலாம் என்கிறது தரநிலை. படிக்கு அரையடி என்று கொண்டால் 365 படிக்கு ஏறத்தாழ 55 மீட்டர் உயரம். செங்குத்தாக ஏறும் பக்கங்களில் இந்த உச்சவரம்பையே எடுத்துக்கொள்வதுதான் நியாயம். 1.36இன் வர்க்கம் 1.85. கீழே 350 கிலோவாக இருந்த விசை மேலே 650 கிலோவை நெருங்குகிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். மலைமேல் கோபுரமும் மதிலும் மண்டபங்களும் இருக்கின்றன, அவை காற்றைத் தடுக்காதா என்பது முதலாவது. தடுக்கும், ஒரு திசையில். வேறொரு திசையில் அதே மதிலுக்கும் மண்டபத்துக்கும் இடையே உள்ள சந்தில் காற்று இன்னும் விரைந்து பாயும். எந்தத் திசையில் புயல் வரும் என்று பலகைக்கு யாரும் சொல்லிவைக்க முடியாது. நாளை ஒரு கொட்டகையைப் பிரித்தால் மறைப்பும் போய்விடும். இரண்டாவது மறுப்பு, திருத்தணி கடலோரம் இல்லையே என்பது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் புயலுக்கென்று சேர்த்த காரணி கடலிலிருந்து 60 கிலோமீட்டர் அகலப் பட்டைக்கு உரியது. திருத்தணி அதற்கு வெளியேதான். ஆனால் பட்டைக்கு வெளியே இருப்பதால் புயல் வராது என்று ஆகிவிடாது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையேறிய வர்தா புயல் திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தையும் உலுக்கியது. அந்தக் காரணியைச் சேர்க்காமலே மேலே உள்ள கணக்கைப் போட்டிருக்கிறேன்.

எது ஒடிகிறது என்று பார்த்தால் கதை இன்னும் கூர்மையாகிறது. பட்டறைகளில் கவனம் முழுவதும் தகட்டின் கனத்திலும் குழாயின் தடிப்பிலும் இருக்கிறது. பலகைகள் பெரும்பாலும் அங்கே தோற்பதில்லை; காலடியில் தோற்கின்றன. பலகையின் நடு தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். உச்சியில் இரண்டு கால்களுக்கும் சேர்த்துத் தரைமட்டத்தில் விழும் திருப்புத்திறன் 19 கிலோநியூட்டன் மீட்டர். ஒரு காலுக்கு 9.5. அடித்தகட்டின் போல்ட்கள் இருபது சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால் இழுபடும் பக்கத்தில் ஒவ்வொரு போல்ட்டும் ஏறக்குறைய இரண்டரை டன் இழுப்பைத் தாங்க வேண்டும்.

போல்ட் இல்லாமல் குழியில் கான்கிரீட் போட்டு நட்டால்? இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழக் குழி என்பது வழக்கமான அளவு. அந்தக் கட்டியின் எடை 5.2 கிலோநியூட்டன், கவிழ்வதை எதிர்க்க அதற்குக் கிடைக்கும் கை ஒரே ஒரு அடி. இரண்டு கட்டிகளும் சேர்ந்து 3.2 கிலோநியூட்டன் மீட்டருக்கு மேல் எதிர்த்து நிற்க மாட்டா. மண்ணின் பக்கவாட்டுப் பிடிப்பையும் பலகையின் சொந்த எடையையும் நான் சேர்க்கவில்லை. மழையில் ஊறிய, தோண்டி மூடிய மண்ணின் பிடிப்பை நம்பிக் கணக்குப் போடவும் கூடாது. காற்றின் கையோடு குழியின் ஆழத்தையும் சேர்த்து இந்த எண்ணைத் தலைகீழாக ஓட்டிப் பார்த்தால் அந்தப் பலகை வினாடிக்கு 20 மீட்டர், மணிக்கு 72 கிலோமீட்டர் காற்றோடு சாயத் தொடங்கும். மலையுச்சியில் அந்த 72 வருவதற்குச் சமவெளியில் 53 வீசினால் போதும். கோடை மாலையில் இடிமழைக்கு முன் தரைக்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் வரை வீசக்கூடும் என்று வானிலை மையம் எச்சரிப்பது நாம் அடிக்கடி கேட்கும் செய்தி. ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் புயல் வேண்டியதில்லை. ஒரு சித்திரை மாதத்து மாலை போதும்.

2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் 17 பேரைப் பலிகொண்ட விளம்பரப் பலகை இதற்குப் பெரிய அளவிலான சான்று. 120 அடிக்கு 120 அடிப் பலகை அது. அந்நகருக்குரிய வேகம் மணிக்கு 158 கிலோமீட்டர், அதாவது அதே 44 மீட்டர். ஆய்வு செய்த பொறியியல் கல்லூரி, அதன் அடித்தளம் 49 கிலோமீட்டருக்குத்தான் தாங்கும் என்று கண்டதாகச் செய்திகள் சொல்லின. அன்று வீசியது 87. நம் பக்கம் 2023 ஜூனில் கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் பலகை அமைக்கும் பணியிலிருந்த மூன்று தொழிலாளர்கள் சட்டம் சரிந்து இறந்தார்கள்.

மலைப்பாதையில் வளைந்து வரும் காற்று பலகையை நேர்முகமாகத் தாக்குவதில்லை, சாய்ந்து தாக்குகிறது. அப்போது அழுத்தம் பலகை முழுவதும் ஒரே சீராக இராது. காற்று முதலில் படும் ஓரத்தில் கெழுவைப் போல் 1.7 மடங்கு, மறு ஓரத்தில் 0.44 மடங்கு என்று தரநிலை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இரண்டு ஓரங்களிலும் கால் நட்ட பலகையில் முன்கால் சுமப்பது நேர்முகக் காற்றில் வரும் மொத்த விசையில் பாதி அன்று, 0.64 பங்கு. ஒற்றைக் கால் பலகையில் இதுவே முறுக்காக மாறி, பற்றவைப்பைச் சிறிது சிறிதாகப் பிளக்கிறது. பாதிப் பாதியாகப் பிரித்துக் கணக்குப் போடும் வழக்கம் இங்கே நூற்றுக்கு இருபத்திரண்டு குறைவாகக் காட்டிவிடும்.

ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடிகளோடு லட்சக்கணக்கானோர் கூடும் நாட்களிலும், டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவிலும் ஊர் முழுவதும் பேனர்கள் எழுகின்றன. பேனர் கட்டுபவர்கள் துணியில் அரைவட்டமாகக் கத்தியால் கீறி, 'காத்து போயிடும்' என்பார்கள். அக்கறையோடு செய்கிறார்கள், ஆனாலும் அது பயன் தராத காப்பு. துளையுள்ள பரப்புக்கு ஆஸ்திரேலிய–நியூசிலாந்து தரநிலை தரும் வாய்பாட்டின்படி, பத்தில் ஒரு பங்கைத் திறந்துவிட்டால் விசை குறைவது நூற்றில் ஒரு பங்குதான். பாதியைத் திறந்தால்கூட நாலில் ஒரு பங்குதான் குறையும். கீறலை நம்பிக் கயிற்றைக் குறைப்பதுதான் ஆபத்து.

திருத்தணிக்கு உரிய இன்னொரு காரணமும் பரப்பைப் பெருக்குகிறது. 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் இது. நகரி, புத்தூர் வழியாக ஆந்திரத்து அடியார்கள் இன்றும் ஓயாமல் வருகிறார்கள். அவர்களுக்காகத் தமிழோடு தெலுங்கையும் எழுத வேண்டும், எழுதத்தான் வேண்டும். ஒரு வரி கூடினால் நாலடி ஐந்தடியாகிறது, நடுப்புள்ளியும் உயர்கிறது. எழுத்தைக் கூட்டும்போது அடித்தளக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும். பழைய கால்களிலேயே புதிய தகட்டை மாட்டுவது கூடாது.

பெரிய பரப்புக்குச் சலுகை உண்டு என்பதும் உண்மை. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்துக்காக பெஞ்சமின் பேக்கர் 300 சதுர அடிப் பலகையையும் ஒன்றரைச் சதுர அடித் தட்டையும் அருகருகே வைத்து அளந்தபோது, சதுர அடிக்குச் சிறிய தட்டே அதிக அழுத்தம் காட்டியது. ஒரு வீச்சு பெரிய பரப்பு முழுவதையும் ஒரே நொடியில் பற்றுவதில்லை. நம் தரநிலையும் நூறு சதுர மீட்டருக்கு 0.8 வரை குறைக்க இடம் தருகிறது. ஆனால் பத்துச் சதுர மீட்டருக்கு உட்பட்டவற்றுக்குச் சலுகை இல்லை. கடைப் பலகை, சூரிய மின்தகடு, தடுப்புத் தட்டி எல்லாம் அந்த வரம்புக்குள்தான் வருகின்றன.

ஆகவே என் கோரிக்கை இது. பலகை, தட்டி, மின்தகட்டுச் சட்டம் எது செய்தாலும், இன்ன அடித்தளத்தோடு இன்ன உயரத்தில் நிறுத்தினால் இத்தனை கிலோமீட்டர் வேக வீச்சு வரை நிற்கும் என்று ஒரே ஒரு வரியைச் செய்பவர் அதன் முதுகில் பொறிக்க வேண்டும். நிறுத்துபவர் இடத்தின் வேகத்தைக் கணக்கிட்டு அதனோடு ஒப்பிட வேண்டும். அனுமதி தருபவர் இரண்டு எண்களையும் கேட்க வேண்டும். மலைமேல் உண்மையில் எவ்வளவு கூடுகிறது என்பதை அளந்தே அறிந்துவிடலாம். தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. அங்கே தணிகை மலையின் மாதிரி ஒன்றை வைத்துப் பார்க்கலாம். உச்சியில் ஒரு காற்றுமானியையும் அடிவாரத்தில் ஒன்றையும் ஓராண்டு ஓடவிடலாம். கோயில் நிர்வாகமும் நகராட்சியும் இதைச் சேர்ந்து தொடங்க வேண்டும். அந்த அளவு கைக்கு வரும்வரை, மலைமேல் நிறுத்தும் எந்தப் பலகைக்கும் 1.36ஐச் சேர்க்காத கணக்கை ஏற்காதீர்கள்.