களத்துமேட்டுச் சுதந்திரம்

கிறிஸ்தவ வேதாகமத்தில் வாரிசு என்ற பொருளில் வரும் 'சுதந்தரவாளி' என்ற சொல்லைப் பாதிரிமாரின் கொச்சைத் தமிழ் என்று கேலி செய்யும் வழக்கம் நம் புலவர்களிடம் இன்னும் ஒழியவில்லை. வாரிசுக்கும் விடுதலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறார்கள். நிலக்கணக்கைப் புரட்டியறியாதவர் கேட்கும் கேள்வி அது.

செங்கற்பட்டுச் சீமையின் வருவாய் ஆவணங்களைப் பார்க்கட்டும். எல்லிஸ் துரை மிராசு உரிமை பற்றி 1818இல் எழுதியதைப் படிக்கட்டும். அங்கெல்லாம் சுதந்திரம் என்பது விளைச்சலிலிருந்து மிராசுதாரருக்குத் தலைமுறை தலைமுறையாகச் சேரும் பங்கு. தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும்கூடக் களத்தில் சுதந்திரம் உண்டு. மேரை என்றும் அதைச் சொல்வதுண்டு. கொடியேற்றி வாங்கியதன்று, மரக்காலால் அளந்து வாங்கியது.

மிராசு அரபுச் சொல். வாரிசும் அதே வேரில் கிளைத்ததே. மிராசுக்கு நேரான தமிழ் காணியாட்சி. சோழர் கல்வெட்டுகளில் காணி என்றால் விற்கவும் ஒற்றி வைக்கவும் பிள்ளைகளுக்கு விடவும் உரிய பரம்பரை உரிமை. காணி எனப்படும் 1/80 என்னும் பின்னத்திலிருந்தே இந்த உரிமைப் பெயர் வந்தது என்பார் உளர். வேலியில் எண்பதில் ஒரு பங்கு சிறு துண்டு. நில அளவையான காணியோ ஐந்து சேர்ந்தாலே ஒரு வேலி. கணக்கு உதைக்கிறது. மேலும், ஆடல் பயிற்றுபவரின் உரிமைக்கு நட்டுவக்காணி என்று பெயர். அது எதன் எண்பதில் ஒன்றாம்? காண் என்ற வினையே இதன் வேர் எனக் கொள்ளலாம்: கண்காணித்து ஆள்வது காணி. இதற்கு மேல் அவர்களோடு வாதிட ஒன்றுமில்லை.

நட்டுவக்காணியை நான் இழுத்ததற்குக் காரணம் உண்டு. காணி மண்ணுக்கும் உரியது, தொழிலுக்கும் உரியது. பிற்காலச் சுதந்திரமும் அப்படியே: நிலமுடையவனும் பெற்றான், உளி பிடித்தவனும் பெற்றான். இரண்டும் ஒரே பரப்பை அளாவி நிற்கின்றன. சுதந்திரம் என்ற சொல்லைப் பிரித்தாலும் காணியைப் போலத் தானே ஆள்வது என்ற பொருளே தெரியும்: சுவ என்றால் தன்; தந்திரம் என்றால் நடத்தும் முறை. சொத்தும் அந்தச் 'சுவ'வின் வழிவந்ததே, தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொண்டாலும்.

இனி விடுதலைக்கு வருவோம். ஆளோலை என்னும் அடிமைச் சீட்டைக் காட்டி ஒரு மனிதனையே தன் உடைமை என்று வழக்காடிய கதையைப் பெரியபுராணத்தில் படித்தவர்கள் நாம். அடிமைக்கு எதிர்ச்சொல் அக்காலத்தில் எங்கே இருந்தது என்று தேடுவோர் அரண்மனை வாசலில் நிற்கிறார்கள். நான் களத்துமேட்டில் தேடச் சொல்கிறேன். தன் பங்கை எவரிடமும் இரவாமல் அளந்து வாங்குபவன் எவனோ அவனையே நம் ஊர்கள் சுதந்திரம் உடையவன் என்றன. காணியாட்சியே சுதந்திரம் எனப் பெயர் மாறி அந்தக் களத்துக்கு வந்தது என்பது என் துணிபு.