வீணையின் தந்த வட்டங்கள்

கித்தார் என்னும் மேனாட்டு இசைக்கருவியை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் மேற்பலகையின் நடுவே ஒரு வட்டத் துளை இருக்கும். துளையைச் சுற்றி வண்ண மரத் துணுக்குகளாலோ சிப்பியாலோ இழைத்த வளையம் அமைந்திருக்கும். நமது தஞ்சாவூர் வீணையிலும் இதற்கு இணையான அணி உண்டு. குடத்தை மூடும் பலகையில், சிறு துளைகள் பூப்போல் அமைந்த இரண்டு வட்டங்களைக் காணலாம். முன்னாளில் இவை யானைத் தந்தத்தால் செய்யப்பட்டன. இன்று பிளாஸ்டிக்காலோ கொம்பாலோ செய்யப்படுகின்றன. இம்மாற்றம் ஏன் வந்தது? அதனால் வீணையின் நாதம் குறைந்ததா?

பலாவும் தந்தமும்

இன்றைய வீணையின் வடிவம் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலைபெற்றது என்பது மரபு. 24 மெட்டுகள், வாசிக்க 4 தந்திகள், தாளத்துக்கு 3 தந்திகள் என்பது அதன் அமைப்பு. உடல் பலா மரத்தால் ஆனது. நத்தத்துக்கு மேற்கே எழும் சிறுமலையில் பழத்துக்காக நாம் போற்றும் அதே பலாதான்! வீணைக்கு மரம் தருவதில் பண்ருட்டிப் பலா பெயர் பெற்றது. முழுவதையும் ஒரே மரத்தில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. பகுதிகளை இணைத்துச் செய்தால் ஒட்டு வீணை. உடல் முடிந்தபின், வெண்மையான தந்தத் தகடுகளில் கோலங்கள் கீறி, வண்ணம் ஏற்றிப் பதிப்பார்கள்.

நாதம் எங்கே பிறக்கிறது?

தந்தியின் அதிர்வு குதிரை வழியாகப் பலகைக்கும், பலகை வழியாகக் குடத்தின் காற்றுக்கும் செல்கிறது. வீணைக் குதிரையின் வளைந்த உலோகத் தகடு தனிச் சிறப்புடையது. அதன்மீது தந்தி படிந்தும் பிரிந்தும் அதிர்வதால், எழக் கூடாதெனப் பழைய விதி கூறும் மேற்சுரங்களும் எழுகின்றன. இதனைச் சர் சி. வி. இராமன் 1921-இல் எடுத்துக்காட்டினார்.

துளைகளின் பங்கு என்ன? உள்ளிருக்கும் காற்று அவற்றின் வழியே அசைகிறது. துளையின் பரப்பு சுருங்கினால் பெட்டிக் காற்றின் இயல்பு அதிர்வெண் தாழும். ஆகவே துளையின் அளவும் பலகையின் தடிப்பும் முக்கியமானவை. துளையின் ஓரத்தில் பதித்த மெல்லிய தகடு தந்தமா பிளாஸ்டிக்கா என்பது நாதத்தைப் பொறுத்தவரை மிகச் சிறிய செய்தியே. கித்தாரில் அவ்வளையம் துளையோரத்து மரம் பிளவாமல் காக்கவும் ஓரளவு உதவுகிறது.

தந்தத்தின் விலை

ஆசிய யானைகளுள் ஆண் யானைக்கே நீண்ட தந்தம் உண்டு. எனவே தந்த வேட்டை ஆண் யானைகளையே அழித்தது. நமக்கு அண்மையிலுள்ள பெரியாற்றுக் காட்டில், 1980-களின் இறுதியில், வளர்ந்த பெண் யானைகள் நூற்றுக்கு ஓர் ஆண் யானை என்னும் அளவுக்கு நிலைமை சீர்கெட்டது. பிறப்பு குறைந்தது, இனமே ஆபத்துக்கு உள்ளாயிற்று.

இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்திய யானைத் தந்த வாணிகத்தைத் தடுத்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் தடுத்தது. தஞ்சை வீணைத் தச்சர் மட்டுமல்லர், மைசூர் ஈட்டிமர இழைப்புக் கலைஞரும் தந்தத்தைக் கைவிட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறினர்.

மாற்றுப் பொருளின் கதை

தந்தத்துக்கு மாற்று தேடிய முயற்சி பழமையானது. பில்லியர்டு பந்துகள் தந்தத்தால் செய்யப்பட்ட காலம் அது. மாற்றுப் பொருள் காண்போருக்கு 10,000 டாலர் பரிசு என அமெரிக்க நிறுவனம் ஒன்று 1860-களில் அறிவித்தது. அம்முயற்சியில் இறங்கிய ஜான் வெஸ்லி ஹையத், நைட்ரோ செல்லுலோசுடன் கற்பூரம் கலந்து செல்லுலாய்டை உருவாக்கி, 1870-இல் காப்புரிமை பெற்றார். கித்தார்களின் ஓர அணிகளிலும் அது இடம் பிடித்தது. ஆனால் அது எளிதில் தீப்பற்றும். நாளடைவில் கற்பூரம் ஆவியாக, சுருங்கி வெடிக்கும். பின்வந்த பிளாஸ்டிக் வகைகள் இக்குறைகளைப் பெரிதும் நீக்கின.

பழுது பார்க்கையில்

மரம் மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சி விரிகிறது, கோடையில் சுருங்குகிறது. பதித்த தகடு அவ்வாறே விரிந்து சுருங்குவதில்லை. இந்த இழுபறியால் ஒட்டு தளர்ந்து, பழைய வீணைகளில் தகடுகள் உதிர்கின்றன. புதுத் தகடு பதிப்போர் மூன்றைக் கருத வேண்டும். துளைகளின் எண்ணிக்கையும் அளவும் மாறலாகாது. பழைய பசையைச் சுரண்டுகையில் பலகை மெலியலாகாது. பசையும் மீண்டும் பிரிக்கத்தக்கதாய் இருத்தல் நலம். தச்சர் நெடுங்காலம் கையாண்ட வச்சிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். எபாக்சி அவ்வாறு எளிதில் இளகாது.

உதிராமல் எஞ்சியுள்ள தந்த அணியை என்ன செய்வது? அதைப் பிடுங்கி எறிவதால் இறந்த யானை மீளாது. அது அன்றைய கைத்திறனின் சான்று. இத்தகைய பழைய கருவிகளுடன் இசைவாணர் நாடுவிட்டு நாடு செல்வதற்கு, 2013-இல் கூடிய பன்னாட்டு உயிரின வாணிக உடன்படிக்கை மாநாடு தனிச் சான்றிதழ் முறையை வகுத்தது. அதே ஆண்டில் தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடும் பெற்றது. தந்தம் நீங்கிப் பல்லாண்டு கழிந்த பின்னரும் அது தஞ்சாவூர் வீணையாகவே மதிக்கப்பட்டது. அதன் பெருமை பலா மரத்திலும், குதிரையின் வளைவிலும், தச்சரின் கையிலும் இருக்கிறது; யானையின் தந்தத்தில் இல்லை.