உளி பிடித்த கணக்குக்காரர்

மாமல்லபுரம் போயிருப்பீர்கள். கடல் இரைச்சலுக்கு முன்னால் காதில் விழுவது உளிச் சத்தம்தான். பட்டறை வாசலில் அப்பா கல் செதுக்க, பக்கத்தில் பையன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். ‘நாளைக்கு இவனும் உளி பிடிப்பான்’ என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். அதைச் சொல்ல நாம் யார்? அவன் அப்பாதான் யார்?

இந்தக் கேள்வி ஒரு முதலமைச்சரின் நாற்காலியையே ஆட்டியிருக்கிறது!

1953. சென்னை ராஜ்யத்தின் முதல்வர் ராஜாஜி. கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். இரண்டு ஷிஃப்ட் வைத்தால் அதே பள்ளியில் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாமே என்பது அவர் கணக்கு. ஆனால், செருப்புத் தைப்பவர் மகன் மத்தியானம் எதைக் கற்பான்? ‘குலக் கல்வி’ என்று கொதித்தார் பெரியார். சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு. 1954-ல் உடல்நிலையைக் காரணம் சொல்லி ராஜாஜி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

இனிமேல்தான் சுவாரஸ்யம். 1957-ல், அதே காமராஜர் ஆட்சியில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தில் ஒரு அரசுப் பள்ளி தொடங்கியது. பாடம்? சிற்பம்! அப்பாவிடமிருந்து மகனுக்கு என்று வந்த வித்தைக்கு இப்போது வகுப்பறை. சிற்பி வீட்டில் பிறக்காதவனும் உளி பிடிக்கலாம். இன்றைய அரசு சிற்பக் கல்லூரிக்கு அதுதான் விதை.

பள்ளிக்கு முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. அவர் மகன் கணபதி என்ன படித்தார் தெரியுமா? கணிதம்! காரைக்குடி அழகப்பா கல்லூரியில் பட்டம். கணக்கு வாத்தியாராகப் போயிருக்கலாம். போகவில்லை. உளிக்கே வந்தார். அப்பாவுக்குப் பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்த நிறுவனத்தை நடத்தினார். 2000 ஜனவரி 1-ல் திறந்த கன்னியாகுமரி வள்ளுவர் சிலை அவர் படைப்பு. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக பீடம் 38 அடி. மற்ற இரண்டு பாலுக்கும் சேர்த்து சிலை 95 அடி. மொத்தம் 133. கணக்குப் படித்தவர் அல்லவா!

திட்டத்தில் இருந்ததும் அப்பா தொழில்தான். கணபதி செய்ததும் அப்பா தொழில்தான். ஆனால், அவர் கையில் வேறொரு பட்டமும் இருந்தது. வேண்டாம் என்று போகிற வழி திறந்திருந்தும் உளியை எடுத்தார். கட்டாயத்தில் கற்ற வித்தையும் ஆசைப்பட்டு எடுத்த வித்தையும் ஒன்றாகுமா?

இன்றைக்கு நம் வீட்டில் என்ன நடக்கிறது? பத்தாவது மார்க் வந்த அன்றைக்கே, “கம்ப்யூட்டர் க்ரூப் எடுத்துடு, நான் சொல்றேன்ல!” டாக்டர் வீட்டுப் பிள்ளை டாக்டராகத்தான் வேண்டும். தச்சர் வீட்டுப் பிள்ளை ஆசையோடு உளியைத் தொட்டால், “இந்தக் கஷ்டம் என்னோட போகட்டும்” என்று பிடுங்கிவிடுகிறோம். திணிப்பதும் பிடுங்குவதும் அன்பினால்தான். ஆனால், இரண்டிலும் பிள்ளையை யாரும் கேட்கவில்லையே!

ப்ளஸ் ஒன் ஃபாரம் வீட்டுக்கு வந்தால், ‘எந்த க்ரூப்’ என்ற கட்டத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். பேனாவை அவனிடமோ அவளிடமோ கொடுங்கள். ஏன் அதை எழுதினாய் என்று கேளுங்கள். பதிலை முழுசாகக் கேளுங்கள்.