இரண்டு கண், ஒரு காட்சி: இருவிழிப் போட்டி ஆய்வின் வரலாறு

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கும் சிற்பம் ஒன்று உண்டு. ரிஷப குஞ்சரம் என்பார்கள். காளையின் உடலைக் கையால் மறைத்தால் தலை யானையுடையது. யானையின் உடலை மறைத்தால் அதே தலை காளையுடையது. கோயில் இரண்டாம் இராசராசன் காலத்தது, 12ஆம் நூற்றாண்டு. உளவியல் பாடநூல்கள் இவ்வகைக்குச் சான்றாகக் காட்டும் வாத்து-முயல் படம் ஜெர்மானிய நகைச்சுவை இதழொன்றில் வெளிவந்தது 1892இல்தான். உடனே, மூளையியலைச் சோழர்கள் அன்றே அறிந்திருந்தார்கள் என்று எழுதிவிடத் தோன்றும். அது மிகை. சிற்பிக்கு விளைவு தெரிந்திருந்தது. கல்லும் மாறாமல், கண்ணில் விழும் ஒளியும் மாறாமல், மாறியது எது என்ற கேள்வி வேறிடத்தில் வளர்ந்தது.

இதைச் சாதாரணக் கண்மயக்கத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மலேசியாவின் ஜாசின் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு, நிரையில் நிற்கும் கட்டை ஆள்போலத் தெரிவது புதிதல்ல. தூரத்தில் நிற்பது கட்டையா மனிதனா என்பதையே இந்தியத் தருக்க மரபான நியாய தரிசனமும் ஐயத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும். ஆனால் அந்த ஐயம் விளக்கைக் கிட்டக் கொண்டுபோனால் தீர்ந்துவிடும். ரிஷப குஞ்சரத்தை எத்தனை வெளிச்சத்தில் பார்த்தாலும் தீராது.

மாறியது எது என்ற அந்தக் கேள்வி வளர்ந்தது ஐரோப்பாவில். இத்தாலியரான கியாம்பட்டிஸ்டா டெல்லா போர்ட்டா 1593இல் ஒவ்வொரு கண்ணுக்கு முன்னும் ஒரு நூலை வைத்துப் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் படிக்க முடிந்தது. 1832இல் சுவிட்சர்லாந்தின் லூயி நெக்கர், தாளில் வரைந்த படிகத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் தாமாகவே இடம் மாறுவதைக் குறித்தார். 1838இல் சார்லஸ் வீட்ஸ்டோன் தம் ஸ்டீரியோஸ்கோப் கருவியில் ஒரு கண்ணுக்கு ஏ, மறு கண்ணுக்கு எஸ் என்ற எழுத்துகளைக் காட்டினார். இரண்டும் கலக்காமல் மாறி மாறித் தெரிந்தன. இதுவே இருவிழிப் போட்டி. கவனமே இதை நடத்துகிறது என்று ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வாதிட்டார். நெடுங்காலம் பார்ப்பவரின் வாய்ச்சொல் ஒன்றே சான்றாக இருந்ததால் வழக்கு தீரவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து இதில் நுழைந்தவர் வி. எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், இருகண் ஆழப்பார்வையில் உருவ விளிம்புகளின் பங்கைப் பற்றி ராவ், வித்யாசாகர் ஆகியோருடன் 1973இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1975இல் அதே இதழில் இருவிழிப் போட்டியையே எடுத்துக்கொண்டார்.

மூளைக்குள் நேராகப் பார்க்க வழி திறந்தது குரங்குகளால். நிக்கோஸ் லோகோதெடிஸ் குழுவினர், எந்தப் படம் தெரிகிறது என்பதை நெம்புகோலை இழுத்துச் சொல்லக் குரங்குகளைப் பழக்கி, அதே வேளையில் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிந்தனர். பிடரிப் பக்கத்தில் உள்ள தொடக்கநிலைப் பார்வைப் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான அணுக்களே தெரியும் காட்சியோடு சேர்ந்து மாறின; மற்றவை கண்ணுக்குக் காட்டப்பட்டதையே பின்பற்றின. கன்னப்பொட்டுக்கு உட்புறமுள்ள பகுதியிலோ ஏறக்குறைய 90 விழுக்காடு காட்சியோடு மாறின. 1996, 1997 ஆண்டுகளில் வந்த இம்முடிவுகள், போட்டி கண்களுக்கிடையே அன்று, மூளை கட்டும் பொருள் விளக்கங்களுக்கிடையே என்ற கருத்தை வலுப்படுத்தின. ஆனால் 2000ஐ ஒட்டி எஃப்எம்ஆர்ஐ ஆய்வுகள் மனிதரின் முதல் பார்வைப் பகுதியிலேயே மாற்றத்தைக் கண்டன. இந்தக் கருவி அளப்பது இரத்த ஓட்டத்தை, தனி அணுவின் துடிப்பை அன்று. முரணில் ஒரு பகுதி கருவிகளின் முரண்தான்.

அடுத்து, மாற்றத்தைத் தொடங்கி வைப்பது எது? 1998இல் எரிக் லூமர் குழு, தானாக நிகழும் மாற்றத்தையும், படத்தையே மாற்றிக் காட்டியதையும் ஒப்பிட்டது. தானாக மாறும்போது மூளையின் நெற்றிப் பகுதியும் உச்சிப் பகுதியும் கூடுதலாக இயங்கின. முன்மூளையே ஆணையிடுகிறது என்று பலர் எழுதினர். 2014இல் ஸ்டெஃபான் ஃப்ரெஸ்லே குழு பொத்தான் அழுத்தச் சொல்லாமல், விழியசைவையும் கண்பாவையின் விரிவையும் கொண்டே மாற்றத்தைக் கணித்தபோது நெற்றிப் பகுதியின் இயக்கம் பெரிதும் குறைந்தது. அதுவரை அளந்ததில் பெரும்பங்கு பார்ப்பதன் வேலையன்று, சொல்வதன் வேலை! ஆனால் 2022இல் விஷால் கபூர் குழுவினர், குரங்குகள் எதையும் தெரிவிக்காத நிலையிலும் அவை காண்பது எது என்பதை நெற்றிப் பகுதி அணுக்களிலிருந்து படித்துக் காட்டினர். என் மதிப்பீட்டில், காட்சியின் உள்ளடக்கம் அங்கே இருக்கிறது என்பது இப்போது வலுவான முடிவு. அங்கிருந்துதான் ஆணை பிறக்கிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

கவனப் பயிற்சியின் வலிமைக்கு ஒலிவியா கார்ட்டர் குழுவின் 2005ஆம் ஆண்டு ஆய்வு சான்று. இந்திய இமயமலைப் பகுதியில் 76 திபெத்தியத் துறவிகளைச் சோதித்தனர். ஒருமுனைத் தியானம் செய்தோரில் பலருக்கு மாற்றம் தாமதித்தது. கருணைத் தியானத்தால் அது நிகழவில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னது அடியோடு பிழையில்லை.

இருவிழிப் போட்டியைக் காண ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஜாசின், மெர்லிமாவ் வட்டாரத் தமிழ்ப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் ஒரு கண்ணுக்குச் சிவப்பு, மறு கண்ணுக்கு நீலம் என அட்டைச் சட்டத்தில் கண்ணாடித் தாளை ஒட்டி, மாணவரை வெள்ளைச் சுவரைப் பார்க்கச் சொல்லலாம். நிறம் மாறும்போதெல்லாம் கை தூக்கச் சொல்லிக் கணக்கெடுங்கள். கை தூக்குவதும் மூளையின் வேலைதான் என்பதை அப்போதே மாணவருக்குச் சொல்லிவிடுங்கள்.